என்டிஎஃப்எஸ்-3ஜி: வேகம் குறைவு, எச்சரிக்கை அதிகம்

என்டிஎஃப்எஸ் என்ற முறையில் ஃபைல்களை அடுக்கும் விண்டோஸ் டிரைவில் எழுத, லினக்ஸில் இப்போது பெரும்பாலும் இரண்டு டிரைவர்கள் (டிரைவைக் கையாளும் நிரல்கள்) தான் புழக்கத்தில் உள்ளன. 2007-இல் முதல் நிலையான பதிப்பு வந்த என்டிஎஃப்எஸ்-3ஜி (சுருக்கமாக 3ஜி) ஒன்று. இது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு வெளியே, அதற்கு வழிசெய்யும் ஃப்யூஸ் என்ற ஏற்பாட்டின் வழியாக ஓடுகிறது. இன்னொன்று பாரகான் நிறுவனம் எழுதிக் கொடுத்து, 2021-இல் லினக்ஸ் 5.15 கர்னலுக்குள் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3. பெயர்கள் ஒட்டிப்பிறந்தவை மாதிரி இருந்தாலும் நிரல்கள் முற்றிலும் வேறு.

வேகத்தில் கர்னல் டிரைவர்தான் முந்தும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை நகலெடுக்கும்போதும், ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய ப்ராசசரிலும் 3ஜி திணறுவது கண்ணுக்கே தெரியும். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் பெரிய வீடியோக்களைப் போடுபவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே டிஸ்க்தான் மெதுவானது.

இருந்தும் விண்டோஸோடு பகிரும் டிரைவுக்கு 3ஜியையே சொல்வோம். காரணம், விண்டோஸ் சீக்கிரம் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி. விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் சிஸ்டம் முழுதாக அணைவதில்லை. விண்டோஸ் கர்னலின் நிலை, டிஸ்கில் உள்ள ஹைபர்நேஷன் ஃபைலில் சேமிக்கப்படுகிறது. டிரைவில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அதோடு உறைந்துவிடும். இடையில் லினக்ஸிலிருந்து எதையாவது எழுதினால், விண்டோஸ் விழித்ததும் தன் பழைய கணக்கையே நம்பி மேலே எழுதும். புது ஃபைல்கள் காணாமல் போகும், ஃபோல்டர்கள் குலையும். 3ஜி இந்த நிலையைக் கண்டுபிடித்து, எழுத மறுத்து, படிக்க மட்டும் மவுன்ட் செய்கிறது (அதாவது டிரைவை லினக்ஸில் இணைத்துத் திறக்கிறது). பலர் இதைக் கோளாறு என்று திட்டுகிறார்கள். உண்மையில் இந்த மென்பொருளின் மிகச் சிறந்த குணமே இதுதான்.

அப்போது அந்த ஹைபர்நேஷன் ஃபைலை அழிக்கும் 'ரிமூவ்_ஹைபர்ஃபைல்' என்ற ஆப்ஷனைத் தேடிப் போகாதீர்கள். சேமித்து வைத்த விண்டோஸ் செஷன் அப்படியே அழியும். விண்டோஸுக்குள் போய் 'ரீஸ்டார்ட்' கொடுத்து, பூட் மெனுவில் லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். வேடிக்கை என்னவென்றால், ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட்தான் முழுமையாக அணைக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தாலும் சரி. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்நேஷனையே நிறுத்திவிடலாம்.

கேபிளைப் பாதியில் பிடுங்கினால் டிரைவில் 'டர்ட்டி' குறி, அதாவது சரியாக மூடப்படவில்லை என்ற அடையாளம், விழும். என்டிஎஃப்எஸ்3 அப்போது மவுன்ட் செய்யாது. 'ஃபோர்ஸ்' கொடுத்தால் திறக்கும், ஆனால் கொடுக்கக் கூடாது. 3ஜியோடு வரும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவியின் பெயர் ஆளை ஏமாற்றும். அது சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்து, ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை) காலியாக்கி, மீதிச் சோதனையை விண்டோஸ் தலையில் கட்டும், அவ்வளவே. அதன் 'டி' ஆப்ஷனால் குறியை அழிப்பது, எச்சரிக்கை விளக்கு எரிகிறதே என்று பல்பைக் கழற்றுவது மாதிரி. விண்டோஸ் கணினியில் செருகி, அதன் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை 'எஃப்' ஆப்ஷனோடு ஓட்டுவதே முறை.

3ஜியின் குறை, பெயர் விஷயத்தில் காட்டும் தாராளம். முக்காற்புள்ளி (:), கேள்விக்குறி, கடைசியில் புள்ளி உள்ள பெயர்களையும் அனுமதிக்கும். விண்டோஸால் அவற்றைத் திறக்க முடியாது. சிறிய, பெரிய எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் வைக்க விடும். பூட்டின்போது எந்த டிரைவை எப்படி மவுன்ட் செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் 'விண்டோஸ்_நேம்ஸ்' சேர்த்தால் முதல் தொல்லை தீரும். கூடவே 'நோஃபெயில்' போடுங்கள். இல்லாவிட்டால் வெளி டிரைவ் செருகாத நாளில் பூட் நின்றுபோகும். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட உதவும், ஸ்டீமின் ப்ரோட்டான் ஃபோல்டர்களில் முக்காற்புள்ளியோடு கூடிய பெயர்கள் வரும். அவற்றை லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே வைத்துவிடுங்கள்.

எந்த டிரைவராக இருந்தாலும், நகல் பட்டை 100% காட்டியதும் பிடுங்கக் கூடாது. தரவு இன்னும் ரேமில் காத்திருக்கலாம். ப்ராக் அடைவின் மெம்இன்ஃபோ ஃபைலில் உள்ள 'டர்ட்டி' வரி (மேலே சொன்ன குறி அல்ல) எழுத எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். முதலில் மிச்சத்தை எழுதி முடிக்கும் சிங்க் கட்டளை, பிறகு அன்மவுன்ட், அது பிழையின்றி முடிந்த பின் பவர் ஆஃப்.

பென் டிரைவுக்கு மட்டும் இந்தத் தலைவலியே வேண்டாம். விண்டோஸும் லினக்ஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துவிடுங்கள்; லினக்ஸ் 5.7 முதல் சாம்சங்கின் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, பழைய ஃபேட்32 முறையில் ஒரு ஃபைலுக்கு இருந்த 4 ஜிபி வரம்பும் இல்லை. ஜர்னல் கிடையாது என்பதால், ஒரே பிரதியாக இருக்கும் ஃபைல்களை அதில் வைக்காதீர்கள்.