எடைக் கருவியா, சாப்பாட்டுத் தட்டா?

கர்ப்பம் உறுதியானதும் இரண்டு விதமான அறிவுரைகள் வந்து சேர்கின்றன. எடை இவ்வளவு கூட வேண்டும், தவறாமல் கணக்கு வையுங்கள் என்பது ஒன்று. எடையை மறந்துவிட்டு நல்லதாகச் சாப்பிடுங்கள் என்பது மற்றொன்று. ‘இனி இரண்டு பேருக்குச் சாப்பிடு’ என்ற மூன்றாவது குரலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். முதல் மூன்று மாதங்களில் கூடுதல் கலோரி ஏறக்குறைய தேவையே இல்லை. அடுத்த மூன்று மாதங்களில் நாளுக்குச் சுமார் 340, கடைசி மூன்று மாதங்களில் சுமார் 450. ஒரு டம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம் சேர்ந்தாலே அந்த 340 கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

எடைக் கணக்குக்கு அடிப்படை, அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-இல் வெளியிட்ட வரையறை. கர்ப்பத்துக்கு முன்பு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்) 18.5-க்குக் கீழே இருந்தவர் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம். 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5 கிலோ, 30-ஐத் தாண்டியவருக்கு 5 முதல் 9 கிலோ. தோழிக்குச் சரியான எண் உங்களுக்குத் தவறாக இருக்கலாம் என்பதை இது தெளிவாகச் சொல்கிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2010-இல் வேறு வழியைச் சொன்னது: முதல் சந்திப்பில் எடை பாருங்கள், பிறகு மருத்துவக் காரணம் இல்லாமல் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். கூடுதல் கலோரியும் கடைசி மூன்று மாதங்களில் மட்டும், நாளுக்கு 200 போதும் என்றது. இந்த அணுகுமுறையின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. முதல் கர்ப்பத்தில், பரிசோதனை நாளன்று எண் குறைவாகத் தெரியட்டும் என்று காலை உணவைத் தவிர்த்திருக்கிறேன். குழந்தைக்காகப் பார்க்கும் எடைக்குப் பயந்து பட்டினி கிடந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அந்த எடை எங்கே போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது. பிறக்கும்போது குழந்தை மூன்று, மூன்றரை கிலோ. மீதியில் நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெரிதான கருப்பை, கூடிய இரத்தம், உடல் நீர் எல்லாம் அடங்கும்; பாலூட்டுவதற்காக உடல் சேமிக்கும் கொழுப்பும் சில கிலோ இருக்கும்.

தட்டு சொல்வதைக் கருவியால் சொல்ல முடியாது. பிஸ்கட்டும் இனிப்புமாகச் சாப்பிட்டும் சரியாக 12 கிலோ கூடலாம். இரும்புச்சத்து குறைந்திருப்பதை முள் காட்டாது. நாளுக்கு 27 மில்லிகிராம் இரும்புச்சத்தைச் சாப்பாட்டிலிருந்து மட்டும் பெறுவது கடினம் என்பதால்தான் மாத்திரையும் தருகிறார்கள். பருப்பு, கீரை, முட்டை, பால், பழம், முழுத் தானியம் ஆகியவை ஒரு நாளில் எத்தனை முறை தட்டில் விழுந்தன என்று எண்ணிப் பார்ப்பது, கிராம் கணக்கைவிடப் பயன் தரும்.

ஆனால் கருவிக்கு மட்டுமே தெரியும் செய்திகளும் உண்டு. ஒரே வாரத்தில் திடீரென்று ஒரு கிலோவுக்கு மேல் கூடி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால், அது சாப்பாட்டால் வந்ததாக இருக்காது. இரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மறுபக்கம், வாந்தியால் தொடக்கத்தில் ஒரு கிலோ குறைவது பலருக்கும் நடப்பதுதான். முன்பிருந்த எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காத்திருக்கக் கூடாது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், முதல் மூன்று மாதங்களுக்குத் தட்டைத் தேர்ந்தெடுப்பேன். வயிறு ஏற்றுக்கொள்ளும் எதையும் சிறிது சிறிதாகச் சாப்பிட்டாலே போதுமான காலம் அது. நான்காவது மாதத்திலிருந்து இரண்டும் வேண்டும். ஆனால் எடை பார்ப்பது பரிசோதனை நாளில் மட்டும் போதும். தினமும் வீட்டில் ஏறி நிற்க வேண்டாம்.

எண்ணைக் கேட்டாலே மனம் கலங்குபவர்கள், முன்பு உணவுக் கட்டுப்பாட்டில் சிக்கித் தவித்தவர்கள், கருவிக்கு முதுகைக் காட்டி நின்று, “எழுதிக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்” என்று செவிலியரிடம் கேட்கலாம். கவலைப்பட ஏதாவது இருந்தால் மட்டும் அவர் சொல்லட்டும்.