கேமிங் கணினிக்கு விண்டோஸா, லினக்ஸா? இரண்டையும் வைத்து விளையாடிப் பார்த்ததில் தெரிந்தவை

புதிதாகக் கேமிங் கணினி சேர்ப்பவர்கள் கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பவர் சப்ளைக்குக்கூடப் பத்து வீடியோ பார்ப்பார்கள். ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) என்று வந்ததும் "விண்டோஸ்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்று முடித்துவிடுவார்கள். 2018க்கு முன்பு அந்தப் பதிலில் தப்பே இல்லை. இப்போது யோசிக்க நிறையவே இருக்கிறது.

என் கணினியில் இரண்டு எஸ்எஸ்டி. ஒன்றில் விண்டோஸ் 11, மற்றதில் லினக்ஸ். நீண்ட நாளாக இரண்டிலும் மாறி மாறி விளையாடி வருகிறேன். இப்போது கணினியைப் போட்டால் தானாக வருவது லினக்ஸ்; விண்டோஸ் வேண்டுமென்றால் பூட் மெனுவுக்குப் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனாலும் விண்டோஸை அழிக்கவில்லை, அழிக்கும் எண்ணமும் இல்லை.

"எதில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) அதிகம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். என்னுடைய ஏஎம்டி கார்டில் பெரும்பாலான கேம்களுக்கு வித்தியாசமே உணர முடிவதில்லை; ஒரு கேமில் இது முந்தும், இன்னொன்றில் அது முந்தும். அதைவிட, நீங்கள் உண்மையிலேயே விளையாடும் கேம்களை ஒரு தாளில் எழுதுங்கள். தள்ளுபடியில் வாங்கிப் போட்டுத் திறக்காமலே கிடப்பவை கணக்கில் வராது. அந்தப் பட்டியலில் முன்பின் தெரியாதவர்களோடு ஆன்லைனில் மோதும் கேம்கள் எவை என்று பாருங்கள். ஓஎஸைத் தீர்மானிப்பது அவைதான்.

காரணம் ஆன்டி-சீட், அதாவது ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் மென்பொருள். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைப்பது புரோட்டான். கேம் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் அதன் வேலை. ஆனால் சில ஆன்டி-சீட்கள் சாதாரண நிரல்போல ஓடுவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே டிரைவராகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. லினக்ஸில் விண்டோஸ் கர்னலே கிடையாது, அப்புறம் எங்கே போய் உட்காருவது? வேலரண்ட் கேமின் வேன்கார்ட் இந்த வகை. 2024ல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸுக்கும் வேன்கார்ட் வந்தது. அதோடு லினக்ஸில் அதை விளையாடிக்கொண்டிருந்தவர்களின் ஆட்டம் முடிந்தது.

ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் வேறு ரகம். 2021லேயே இவை புரோட்டானுக்கு ஆதரவு கொடுத்துவிட்டன. ஆனால் அந்த அனுமதியை இயக்கவேண்டியது கேமை உருவாக்கியவர்கள். எல்டன் ரிங் ஈஸி ஆன்டி-சீட் உள்ள கேம்தான், லினக்ஸில் ஆன்லைனிலும் ஓடுகிறது. ஃபோர்ட்நைட் ஓடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் முதலில் ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டி 2024 இறுதியில் லினக்ஸுக்குக் கதவை மூடினார்கள். ஜிடிஏ 5 கதையை இன்றும் லினக்ஸில் ஜாலியாக விளையாடலாம். 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்த்த பிறகு அதன் ஆன்லைன் பகுதிக்குள் போக முடிவதில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்றவற்றுக்குப் புரோட்டானே வேண்டாம், லினக்ஸுக்கென்றே பதிப்பு இருக்கிறது.

ஆக, ஆன்லைன் போட்டி கேம்களைப் பொறுத்தவரை லினக்ஸில் இன்று ஓடுவது நாளைக்கும் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. முடிவு உங்கள் கையிலும் இல்லை, லினக்ஸ் உருவாக்குபவர்கள் கையிலும் இல்லை. நண்பர்களோடு தினமும் கூடுவதே அப்படி ஒரு கேமில்தான் என்றால் பேசாமல் விண்டோஸ் போடுங்கள். எங்கள் குழுவும் அந்த மாதிரி ஒரு கேமில்தான் கூடுகிறது. என் விண்டோஸ் டிஸ்க் இன்னும் உயிரோடு இருப்பது அதற்காகத்தான்.

தனியாக விளையாடும் கேம்கள் என்றால் கதையே வேறு. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற திட்டம் 1993ல் தொடங்கியது. அதன்மேல் கட்டி வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டானை ஸ்டீம் என்ற தன் கேம் கடைச் செயலிக்குள்ளேயே கொடுத்தது. டைரக்ட்எக்ஸ் (விண்டோஸ் கேம்கள் படம் வரையக் கேட்கும் வழி) 9, 10, 11 அழைப்புகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறைக்கு மாற்ற டிஎக்ஸ்விகே. டைரக்ட்எக்ஸ் 12க்கு விகேடி3டி-புரோட்டான். இந்தப் பெயர்களையெல்லாம் தெரிந்துகொள்ளாமலே விளையாடலாம் என்பதுதான் இதில் அழகு. இன்ஸ்டால் செய்கிறோம், பிளே அழுத்துகிறோம், ஓடுகிறது. 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் கைக்கணினி வந்த பிறகு இது இன்னும் வேகம் பிடித்தது. அதில் இருப்பது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் என்பதால், லினக்ஸைப் பற்றிக் கவலையே படாத கேம் நிறுவனங்களும் தங்கள் கேம் புரோட்டானில் ஓடுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தன.

சில இடங்களில் லினக்ஸ் முந்தவும் செய்கிறது. புதுக் காட்சி வரும்போது ஷேடர்களை (ஒளி, நிறம் வரையும் சிறு நிரல்கள்) தயார் செய்ய ஒரு நொடி திணறுமே, அந்தத் தொல்லை குறைவு. தயார் செய்த ஷேடர்களை ஸ்டீம் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்கிறது. எல்டன் ரிங் வெளியானபோது விண்டோஸில் திக்கித் திக்கி ஓடியது. வால்வ் புரோட்டானில் செய்த திருத்தத்தால் ஸ்டீம் டெக்கில் அந்தத் திணறல் குறைந்தது. டைரக்ட்எக்ஸ் 9 காலத்துப் பழைய கேம்கள் சில எனக்கு விண்டோஸ் 11ஐ விட லினக்ஸில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன.

எரிச்சல்களும் உண்டு. சில கேம்களில் இடையில் வரும் வீடியோக்கள் ஓடாமல் வண்ணப் பட்டைகள் மட்டும் தெரியும். புரோட்டான்-ஜிஇ என்ற மாற்றுப் பதிப்பைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்டீமைத் திறந்து, அதற்குள் பதிப்பாளரின் லாஞ்சரைத் திறந்து, அதற்குள் கேமைத் திறக்கவேண்டிய வகை இருக்கிறதே, அதுதான் பெரிய தலைவலி. ஒரு லாஞ்சர் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டதும், நேற்றுவரை ஓடிய கேம் எனக்கு இன்று திறக்கவில்லை. எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் அதே கேமின் பக்கத்தைப் பார்த்தேன். யாரோ ஒருவர் தீர்வை எழுதி வைத்திருந்தார். கேம் வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை எட்டிப் பார்ப்பது இப்போது பழக்கமாகவே ஆகிவிட்டது. எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கிய கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும். மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் சந்தாவை நம்பி வாழ்பவர்கள் மட்டும் லினக்ஸ் பக்கம் வரவேண்டாம். உலாவி வழியாக கிளவுடில் விளையாடலாமே தவிர, இறக்கி விளையாட வழியில்லை.

புதுக் கணினி என்பதால் வன்பொருள் பற்றி ஒரு வார்த்தை. ஏஎம்டி கார்டுக்கு லினக்ஸில் தனியாக டிரைவர் போடத் தேவையில்லை. கர்னலிலும், மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பிலும் எல்லாம் இருக்கிறது. கார்டு மிகப் புதியது என்றால் கர்னலும் மெசாவும் புதிதாக இருக்கவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். டெபியன் ஸ்டேபிள்போல நிதானமாக நகரும் டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் பதிப்பை, புதுக் கார்டில் போட்டுவிட்டு "லினக்ஸ் சரியில்லை" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்விடியா முன்பிருந்ததைவிட எவ்வளவோ தேறிவிட்டது. 2024ல் வந்த 555 வரிசை டிரைவரோடு வேலேண்டில் (லினக்ஸின் புதிய திரைக்காட்சி முறை) படம் துடிக்கும் பிரச்சினை அடங்கியது. ஆனால் டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா கார்டுகள் விண்டோஸைவிட லினக்ஸில் பின்தங்குவதைப் பலரும் அளந்து காட்டியிருக்கிறார்கள். விலையுயர்ந்த என்விடியா கார்டு வாங்கி, அதன் கடைசித் துளிவரை பிழிந்தெடுக்க நினைப்பவருக்கு விண்டோஸ்தான் சரி.

டிவியில் விளையாடப்போகிறவர்கள் கேபிளையும் யோசியுங்கள். ஹெச்டிஎம்ஐ 2.1க்குத் திறந்த மூல டிரைவர் எழுத ஏஎம்டி கேட்ட அனுமதியை ஹெச்டிஎம்ஐ அமைப்பு 2024ல் மறுத்துவிட்டது. அதனால் லினக்ஸில் ஏஎம்டி கார்டோடு 4கே, 120 ஹெர்ட்ஸ் டிவியில் ஹெச்டிஎம்ஐ வழியாக முழுத் தரத்தையும் எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒளியையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் ஹெச்டிஆர் விஷயத்திலும் விண்டோஸ்தான் முன்னால் நிற்கிறது. பழைய கேமுக்குக்கூட ஆட்டோ ஹெச்டிஆர் போட்டுக்கொள்ளலாம். லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா 6 என்ற டெஸ்க்டாப் வந்த பிறகு ஹெச்டிஆர் வேலை செய்கிறது, ஆனால் கேமுக்கு கேம் அமைப்புகளை நோண்ட வேண்டியிருக்கும். ஸ்டீயரிங் வீல், விஆர், விளக்கு மின்னும் கீபோர்டு போன்றவற்றின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும்தான்.

விண்டோஸ் போடுவதாக முடிவெடுத்தால் 11தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. புதுக் கணினியில் அதைப் போடுவதில் அர்த்தமில்லை. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்றைய மதர்போர்டுகளில் அது இருக்கும், மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் இயக்கினால் போதும். நம்பகமான கையொப்பமுள்ள ஓஎஸை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட்டையும் இயக்கியே வையுங்கள். பேட்டில்ஃபீல்ட் 6, விண்டோஸ் 11ல் வேலரண்ட் இரண்டும் அதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அம்சம் சில கணினிகளில் கேம் வேகத்தைக் குறைக்கலாம். வேண்டுமென்றால் விளையாடும் நேரம் அதை அணைத்துவிட்டுப் பிறகு இயக்கிக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. நான் அணைப்பதில்லை. சில ஃபிரேம்களுக்காகப் பாதுகாப்பைக் கழற்றிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டையும் வைக்கலாம் என்றால், தயவுசெய்து இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் வையுங்கள். ஒரே டிஸ்க்கைப் பிரித்து வைத்தால் ஒன்றின் பூட்லோடர் (ஓஎஸைத் துவக்கும் நிரல்) மேல் மற்றது கை வைக்கும் வாய்ப்பு அதிகம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, இரட்டை பூட் வைத்திருந்த பலரின் லினக்ஸ் செக்யூர் பூட்டோடு துவங்க மறுத்தது. என் வழி இது: லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு விண்டோஸ் போடுவது, பிறகு விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லினக்ஸ் போடுவது. எந்த டிஸ்க்கில் பூட் ஆகவேண்டும் என்பதை மதர்போர்டின் பூட் மெனுவே கேட்டுக்கொள்ளும். செக்யூர் பூட்டை ஆதரிக்கும் டிஸ்ட்ரோவாகப் பார்த்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் பயாஸுக்குள் நுழைந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபெடோரா, உபுண்டு இதில் சிக்கல் தராது. கேமிங்குக்கென்றே உள்ள பஸைட் டிஸ்ட்ரோவில் முதல் முறை செக்யூர் பூட்டுக்கான ஒரு சாவியைப் பதிந்தால் போதும். ஆனால் என்விடியா டிரைவரைத் தனியாகப் போட்டால் அதற்கும் இந்தச் சாவிப் பதிவு தேவைப்படும்.

கேம்களை, விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் அமைத்த ஒரே டிஸ்க்கில் வைத்து இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஆசை வரும். வேண்டாம். புரோட்டான் தன் கோப்புறைகளில் வைக்கும் சில பெயர்களும் இணைப்புகளும் விண்டோஸுக்கு ஒத்துவராதவை, கேம் திறக்காமல் அடம்பிடிக்கும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (முழுதாக அணையாமல் வேகமாகத் துவங்கும் வசதி) இயங்கினால் அந்த டிஸ்க்கை லினக்ஸில் எழுதவும் முடியாது. இடம் கொஞ்சம் வீணானாலும் இரு பக்கமும் தனியாகவே இறக்கிக்கொள்கிறேன். சேவ் கோப்புகளை ஸ்டீம் கிளவுட் பார்த்துக்கொள்கிறது. அப்புறம் கடிகாரம். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். மாறி மாறி பூட் செய்யும்போது நேரம் தப்பாகத் தெரிந்தால் பேட்டரி போய்விட்டது என்று பயப்படாதீர்கள், லினக்ஸில் ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்ட விண்டோஸ் 11, டிஸ்க்கைத் தானாகவே குறியாக்கம் செய்துவைத்திருக்கலாம். பயாஸில் கைவைப்பதற்கு முன் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு லினக்ஸ் எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்கு அதில் பிடித்தது அமைதி. நான் சொல்லும்போதுதான் அப்டேட். துவங்கியதும் எதையும் விற்க வருவதில்லை. கணக்கில் நுழையச் சொல்லி நச்சரிப்பதில்லை. உட்கார்ந்தால் நேராக கேமுக்குள் போய்விடலாம். வேலை முடித்து வந்து ஒரு மணி நேரம் மட்டும் விளையாடக் கிடைப்பவருக்கு இதன் மதிப்பு தெரியும்.

சமீபத்தில் சித்தப்பா மகன் புதுக் கணினி கட்டும்போது என்னைக் கேட்டான். கேம் பட்டியலை அனுப்பச் சொன்னேன். முதல் வரியே வேலரண்ட். "விண்டோஸ் மட்டும் போடு, லினக்ஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அக்கா வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன கணினி. ஏஎம்டி கார்டு, கன்ட்ரோலரில் விளையாடும் கேம்கள் மட்டும். அதில் பஸைட் போட்டுக் கொடுத்தேன். துவங்கியதும் நேராக ஸ்டீமின் பெரிய திரை வந்துவிடும். அப்டேட் சொதப்பினால் முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதியும் அதில் இருக்கிறது. அதில் ஓடுவது லினக்ஸ் என்பது அங்கே விளையாடும் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது.