ஸ்காட்லாந்து முன்னோரைத் தேட: போன ஊரிலிருந்தா, பிறந்த ஊரிலிருந்தா?

1850-களில் ஸ்காட்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குக் கப்பலேறிய ஒருவரின் பூர்வீகத்தைத் தேட இரண்டு வழிகள்: ஸ்காட்லாந்தின் பழைய பாரிஷ் (ஊர்த் தேவாலயப் பங்கு) பதிவேடுகள், அல்லது விக்டோரியாவின் இறப்புச் சான்றிதழ்.

பலரும் முதலாவதற்குத்தான் தாவுகிறார்கள். ஸ்காட்லாந்து அரசின் பழைய பதிவுகளுக்கான இணையதளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் வீட்டிலிருந்தே தேடலாம், சரி. ஆனால் ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களின் அரசுப் பதிவு தொடங்கியதே 1855 ஜனவரி 1-இல்தான். அதற்கு முந்தைய பாரிஷ் ஏடுகளில் பெரும்பாலும் ஞானஸ்நானமும் திருமண அறிவிப்பும்தான். அடக்கக் குறிப்புகள் குறைவு. இந்த ஏடுகளை வைத்திருந்த ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து 1843-இல் பிரிந்துபோன சுதந்திரத் திருச்சபைக் குடும்பங்கள் விடுபட்டிருக்கலாம். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸ் பக்கம் ஒரு ஜான் மெக்டொனால்டைத் தேடினால் வரிசையாக வந்து நிற்பார்கள். அதில் நம்மவர் யார்?

என் ஓட்டு இரண்டாவதற்கே. 1853-இல் தொடங்கிய விக்டோரியா இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், திருமணம், பிள்ளைகள், குடியேறி எத்தனை ஆண்டு என எல்லாவற்றுக்கும் இடமுண்டு. தாயின் பிறந்தகக் குடும்பப்பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தகவல் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். மனைவி சொன்னதும் விடுதிக்காரர் சொன்னதும் ஒன்றல்ல. பிறந்த இடம் வெறுமனே 'ஸ்காட்லாந்து' என்றிருந்தால், ஊரிலேயே தங்கி 1855-க்குப் பின் இறந்த அண்ணன் தம்பிகளின் ஸ்காட்லாந்து இறப்புப் பதிவைத் தேடலாம். அதிலும் பெற்றோர் பெயர் இருக்கும்.