போலிஸ் பயிற்சியில் தாக்குப்பிடிப்பானா: எடையைப் பார்ப்பதா, ஓட்டத்தைப் பார்ப்பதா?

சிங்கப்பூரில் கட்டாய தேசிய சேவைக்குக் காத்திருக்கும் பையன்களை வார இறுதியில் ஓடவைக்கிறேன். சம்பளம் கிடையாது, 'அண்ணே' என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். போலிசுக்குப் போகிறவன் என்றால் அவன் அம்மா கட்டாயம் கேட்பார்: "ஹோம் டீம் அகாடமியில தாக்குப்பிடிப்பானா தம்பி?" போலிஸ் பயிற்சி நடக்கும் இடம் அது. பதில் சொல்ல ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டுமே. நான் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொண்டேன்.

மற்ற அளவுகோல்கள் ஏன் வேண்டாம்? படிப்பு சட்டப் பாடத்துக்குக் கைகொடுக்கும், அதோடு சரி. உடல் எடைக் குறியீடு தசையையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்காது. அதே குறியீடுள்ள சீனரைவிட இந்தியர் உடம்பில் பொதுவாகக் கொழுப்பு கூடுதல். குறியீடு ஆபத்து தொடங்கும் 23-ஐத் தாண்டவில்லை என்று நம் பையன் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அப்புறம் ஐபிபிடி என்ற உடற்தகுதித் தேர்வின் மொத்தப் புள்ளி. பலர் இதைத்தான் நம்புகிறார்கள். புஷ்-அப்புக்கு 25, சிட்-அப்புக்கு 25, ஓட்டத்துக்கு 50. முதல் இரண்டிலும் முழுப் புள்ளி வாங்கியவனுக்கு, தேர்ச்சிக்கான 61-ஐத் தொட ஓட்டத்தில் வெறும் 11 போதும். 70 வாங்கிய இருவரில் ஒருவன் கைவலுவில் வாங்கியிருப்பான், இன்னொருவன் மூச்சில் வாங்கியிருப்பான். மொத்தத்தைப் பார்த்தால் இருவரும் ஒன்றுதான்.

பயிற்சியில் ஒருவனைப் பின்னுக்குத் தள்ளுவது பெரும்பாலும் காயம். பல நாட்டு ராணுவப் பயிற்சிகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, சேரும்போது மெதுவாக ஓடியவர்களுக்கே காயம் அதிகம் என்பதுதான். காரணம் எளிது. எல்லாரும் ஒரே வேகத்தில் ஓடும்போது ஒருவனுக்கு அது பாதி பலம். இன்னொருவனுக்கு முழு பலம். முழு பலத்தையும் தினமும் செலவழிப்பவனுக்கு முதலில் முன்னங்கால் எலும்பு வலிக்கும், அடுத்து முழங்கால். எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுப்பான். அந்த நாட்களின் தற்காப்புப் பயிற்சியும் போகும், மீண்டும் ஓடிப் பழகும் வாய்ப்பும் போகும். திரும்பி வரும்போது முன்பைவிட மோசமாக இருப்பான். எடையோ புஷ்-அப்போ இந்தச் சங்கிலியை இவ்வளவு முன்கூட்டிக் காட்டுவதில்லை.

மொத்த நேரத்தைவிட நான் சுற்றுக் கணக்கைத்தான் கவனிப்பேன். 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு நான்காவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவனும், ஆறையும் இரண்டு நிமிடமாக ஓடுபவனும் கிட்டத்தட்ட 12 நிமிடத்தில் வரலாம். எனக்குக் கவலை முதலாமவனைப் பற்றித்தான்.

அதற்காக 10 நிமிடம் 30 விநாடிக்கும் 10 நிமிடம் 50 விநாடிக்கும் ஜாதகம் பார்க்க வேண்டாம். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஒரு சல்லடையைத் தாண்டியவர்கள்; அவர்களுக்குள் சிறு வித்தியாசம் எதையும் சொல்லாது. மெதுவான கோடியில் இருப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இது உதவும். துப்பாக்கி சுடுவது, கோபக்காரரிடம் நிதானமாகப் பேசுவது இதற்கெல்லாம் ஓட்டம் பதில் சொல்லாது. பெண்களுக்கு நான் பயிற்சி கொடுத்தது குறைவு, அதனால் அவர்களுக்கும் இதே கணக்கு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பையன்களுக்கு மட்டும், சேருவதற்கு மூன்று மாதம் இருந்தால், எடை மெஷினை விட்டுவிட்டு மெதுவாக, நீண்ட தூரம் ஓடச் சொல்கிறேன்.