வாய் திறக்கும் பயிற்சிக்கு எது நல்லது? குச்சி, திருகுக் கருவி, கடைசல் கட்டை: பதினொரு மாத அனுபவம்

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவன் நான். வலது கன்னத்தின் உள்பக்கம் வந்த புற்றுநோய்க்குப் போன வருடம் அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தில் கட்டியே தெரியவில்லை, பிறகு எதற்குக் கழுத்தையும் திறக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். மும்பை டாடா மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயில், கழுத்து நெறிக்கட்டிகளையும் முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அப்புறம் கட்டி வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம் பேர்தான். சரி என்றேன். எடுத்ததில் ஒரு நெறிக்கட்டிக்குள் நோய் இருந்தது. அதனால் 30 நாள் கதிர்வீச்சு. தினம் 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் கணக்கு), வாரம் 5 நாள், மொத்தம் 60 கிரே.

கதிர்வீச்சு முடிந்த இரண்டாவது மாதம், அரிசிம்பருப்புச் சோற்றை உருட்டி வாயில் வைத்தால் உருண்டை உதட்டோடு நின்றது. ஸ்பூனைப் படுக்க வைத்தால்தான் உள்ளே போனது. பல் டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்தார். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் 18 மி.மீ. அறுவைக்கு முன்பு 42 இருந்தது. 35-க்குக் கீழே போனாலே வாய் இறுக்கம் என்று கணக்கு.

இதே நிலையில் இருப்பவர்கள் எதை வாங்குவது என்று தெரியாமல் அலைகிறார்கள். நான் மூன்றைப் பயன்படுத்திவிட்டேன், நான்காவதை ஒரு முறை பிடித்துப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வாய் ஏன் இறுகுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் பயிற்சியை விடாமல் செய்யத் தோன்றும். விழுங்கும் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் அம்மணி எனக்கு விளக்கியது இது. கதிர்வீச்சு புற்றுச் செல்லின் டிஎன்ஏவை உடைத்து அதைக் கொல்கிறது. பக்கத்தில் இருக்கும் மெல்லும் தசைக்கும் அந்த அடி விழுகிறது. அதை ஆற்ற உடம்பு டிஜிஎஃப்-பீட்டா என்கிற புரதத்தை விடுகிறது. அது தூண்டிவிட, நார் செய்யும் செல்கள் கொலாஜன் என்கிற நாரை அடுக்கிக்கொண்டே போகின்றன. மேலே புண் ஆறிய பிறகும் உள்ளே அந்த வேலை நிற்பதில்லை. கஞ்சி போட்ட பாவு நூல் காய்ந்தால் எப்படி விறைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தாடைத் தசை அப்படி ஆகிவிடுகிறது. தினமும் இழுத்துக் கொடுத்தால்தான் நீளும்.

எனக்கு அதற்கு முன்பே கன்னம் கொஞ்சம் இறுகித்தான் இருந்தது. இராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க 22 வருடம் பாக்குப் பொட்டலம் போட்டிருக்கிறேன். பாக்கில் உள்ள அரிகோலின் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் இதே நாரை வளர்க்கிறது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வெளியிட்டுவிட்டது. எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு தொடங்குவதே வெற்றிலை பாக்கில்தான். ‘பாக்குதானே’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இப்போது கருவிகள். முதலில் வாங்கியது திருகு வைத்த எஃகுக் கருவி. கோவையில் ஒரு சர்ஜிகல் கடையில் 650 ரூபாய். இரண்டு அலகைப் பல்லுக்கு நடுவில் விட்டுத் திருகினால் விரியும். வேகமாக விரியும், அதுதான் ஆபத்து. வலி பொறுக்கும் வரை திருகலாம் என்று நினைத்துத் திருகினேன். அலகு குறுகல் என்பதால் பாரம் முழுவதும் இரண்டு முன்பற்களில் விழுந்தது. மூன்றாவது வாரம் கீழ்ப்பல் ஒன்று ஆடியது. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. அங்கே பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே அழுகிப்போகலாம். அதனால் அந்தப் பல்லைப் பிடுங்காமல் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். கதிர்வீச்சு எடுத்தவர்கள், எத்தனை வருடம் ஆனாலும், கதிர்வீச்சு கொடுத்த டாக்டரைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது. எஃகுக் கருவியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் டாக்டர் நின்று திருகினால் வேறு விஷயம்.

இரண்டாவது, என் மச்சான் கோவை கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் மரத்தில் கடைந்து கொண்டுவந்த கூம்பு. புரி போட்டது, சுழற்றச் சுழற்ற உள்ளே ஏறும். ஆசையாகச் செய்து வந்தார். ஆனால் எச்சில் ஊறி மரம் உப்பியது, கழுவினாலும் வாடை போகவில்லை. பத்து நாளில் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது குச்சி. ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் அகலமான ஐஸ்கிரீம் குச்சி, 50 எண்ணம் 60 ரூபாய். நான் வாங்கியதில் 10 குச்சியை அடுக்கினால் 20 மி.மீ. ஒன்பது குச்சியில் ஆரம்பித்தேன். அடுக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து, நடுவில் இன்னொரு குச்சியை மெதுவாகத் தள்ள வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியைக் கன்னத்தில் பத்து நிமிடம் வைத்துவிட்டுச் செய்தால் வலி பாதிதான். குறுகிய குச்சி வேண்டாம். அகலக் குச்சி என்றால் இரண்டு மூன்று பல் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். ஓரத்தில் சிலாம்பு இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். காய்ந்த வாயில் கீறினால் ஆற நாளாகும். ஒரு வாரத்துக்கு மேல் ஒரே குச்சியை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தெராபைட் என்ற வெளிநாட்டுக் கருவியை மருத்துவமனையில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வரிசைப் பல்லையும் பரவலாகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை அழுத்தினால் தாடை இயல்பாகத் திறக்கிற மாதிரியே திறக்கிறது. அருமையான பொருள். தறிக்காரன் வாங்கும் விலை இல்லை. அதற்குச் சொல்லும் கணக்கை மட்டும் குச்சிக்கு எடுத்துக்கொண்டேன்: ஒரு தடவைக்கு 7 இழுப்பு, ஒவ்வொன்றும் 7 விநாடி, நாளுக்கு 7 தடவை. ஏழு தடவை தறி வேலையோடு ஒத்துவரும். ஊடை நூல் மாற்ற நிறுத்தும்போது செய்துவிடலாம்.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, சிகிச்சை எடுத்த இடத்தில் இதை யாரும் முதலிலேயே சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரை எல்லாம் எழுதியிருந்தது, வாய்ப் பயிற்சி பற்றி ஒரு வரி இல்லை. அளவு 42-இல் இருக்கும்போதே தொடங்கியிருந்தால் 18 வரை இறங்க விட்டிருக்க மாட்டேன். கதிர்வீச்சு தொடங்கப்போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள்.

தினமும் எத்தனை குச்சி என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். சாயங்காலம் வீட்டில், “ஏனுங்க, இன்னைக்கு எத்தனைங்க?” என்று கேட்டு என் மனைவியே எழுதுவாள். ஐப்பசியில் ஒரே வாரத்தில் 14-லிருந்து 11-க்கு இறங்கியது. திடீரென்று குறைந்தால் நோய் திரும்பி வந்திருக்கலாம், காத்திருக்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோவை போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். கடைவாய்ப் பல்லைச் சுற்றிச் சீழ், அவ்வளவுதான். மருந்தில் சரியானது. நோட்டு இல்லாவிட்டால் அந்த மூன்று குச்சி வித்தியாசம் எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்போது 16 குச்சி, 32 மி.மீ. சந்தகையை (இடியாப்பம் மாதிரி) தேங்காய்ப்பாலில் ஊற வைத்துக் கையால் எடுத்தே சாப்பிடுகிறேன்.