ஓய்வு விசாவைத் திருமண விசாவாக மாற்றப் போகிறீர்களா? வங்கிப் பணத்தைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

தாய்லாந்தில் ஓய்வுக்கால அனுமதியில் தங்கியிருந்து, அதைத் திருமண அடிப்படைக்கு மாற்றலாமா என்று யோசிக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கையை விட்டுப் போனது 25,000 பாட். அதைக் கூட மறந்துவிடுவேன். சியாங் மாயில் எட்டு வருடமாக வாழும் வீட்டில் தொடர்ந்து இருக்க முடியுமா என்று தெரியாமல், அனுமதி முடிய 9 நாள் இருக்கும்போது நானும் என் மனைவியும் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தோமே, அதை மறக்க முடியவில்லை.

எனக்கு வயது 61. மனைவி சியாங் மாய்க்காரர். எங்கள் திருமணம் இங்குள்ள மாவட்ட அலுவலகத்தில் முறையாகப் பதிவானது. ஆனாலும் நான் வருடா வருடம் நீட்டிப்பு வாங்கியது ஓய்வு அடிப்படையில்தான். 50 வயது நிறைந்தவர் தன் பெயரில் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட் வைத்திருந்தால் போதும். விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தப் பணம் கணக்கில் இருக்க வேண்டும், நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் அசையக் கூடாது. மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 2019 மார்ச்சிலிருந்து இதுதான் விதி. கட்டணம் 1,900 பாட். காலையில் போனால் மதியத்துக்குள் முத்திரை விழுந்துவிடும். மனைவி கூட வர வேண்டும் என்பது கூட இல்லை.

அப்புறம் ஏன் மாற்ற நினைத்தேன்? போன நவம்பரில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவைக்குப் பணம் வேண்டும். வங்கியில் 8 லட்சம் இருக்கிறது, ஆனால் பாதியை எடுத்தாலும் அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே திரும்ப வைக்க வேண்டும். திருமண அடிப்படை என்றால் 4 லட்சம் இரண்டு மாதம் கணக்கில் இருந்தால் போதும், மீதி 4 லட்சம் கைக்கு வரும். இன்னொரு காரணமும் உண்டு. என் மனைவி சிறிய காவ் சோய் நூடுல்ஸ் கடை நடத்துகிறார். ஓய்வு அனுமதியில் இருப்பவர் எந்த வேலையும் செய்யக் கூடாது. கூட்டமான நேரத்தில் கூடப் போய் உதவ முடியாமல் நின்றுகொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் அந்த ஏஜென்ட்டைச் சந்தித்தேன். தமிழர். நல்ல மதுரைப் பேச்சு. இரண்டு நாள் கழித்துப் பழப் பையோடு வீட்டுக்கு வந்தார். படுக்கையில் இருந்த மாமியாருக்குக் கை கூப்பி வணக்கம் சொல்லிவிட்டு, என் மனைவியை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுப் பேசினார். "அண்ணே, நீங்க அம்மா உடம்பப் பாருங்க, விசாவ நான் பாத்துக்கிறேன்" என்றார். வெளியூரில் நம் மொழியில் ஒருவர் அப்படிச் சொல்லும்போது மனசு இளகிவிடுகிறது. மொத்தம் 45,000 பாட், முன்பணம் 25,000. ரசீது இல்லை.

அன்று அவர் சொன்ன மூன்று விஷயங்களும் பொய். ஒவ்வொன்றையும் சொல்கிறேன், இதே வார்த்தைகள் உங்கள் காதில் விழுந்தால் அடையாளம் தெரியும்.

பழைய விசாவை ரத்து செய்து, புது விசா எடுக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு செலவு என்றார். அப்படி ஒன்றுமே கிடையாது. நான் நாட்டுக்குள் வந்தது குடும்பம், ஓய்வு போன்ற காரணங்களுக்குத் தரும் 'நான்-இமிகிரன்ட் ஓ' விசாவில். ஓய்வு, திருமணம் இரண்டுமே அந்த அனுமதியை நீட்டிப்பதற்கான காரணங்கள்தான். வழக்கமாக வருடாந்திர நீட்டிப்புக்குப் போகும் நேரத்தில், அதே டி.எம். 7 என்கிற நீட்டிப்புப் படிவத்தில் காரணத்தை மாற்றி எழுதி, அதற்குரிய ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கட்டணம் அதே 1,900 பாட்.

திருமண விசா வந்துவிட்டால் கடையில் உட்காரலாம் என்றார். உட்காரக் கூடாது. திருமண அடிப்படையில் இருப்பவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும், அவ்வளவுதான். அந்த அனுமதி தனியாகக் கையில் வராமல் கல்லாவில் உட்கார்ந்தால் அது குற்றம்.

மூன்றாவதுதான் என்னைக் குழியில் தள்ளியது. "திருமண விசால்ல, பணம் ரெண்டு பேர் பேர்லயும் இருந்தாத்தான் ஆபீசர் நம்புவாங்க. ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட் தொறந்து அதுல போட்டுடுங்க அண்ணே." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஜனவரி 8 அன்று மருத்துவமனைக்காக 4 லட்சம் எடுத்தேன். ஜனவரி 22 அன்று மீதி 4 லட்சத்தை என் தனிக் கணக்கிலிருந்து புதிய கூட்டுக் கணக்குக்கு மாற்றினேன். பிப்ரவரியில் "ஃபைல் போடணும்" என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார்.

என் அனுமதி மார்ச் 14 வரை. மார்ச் 2 அன்று அவரிடமிருந்து போன். "அண்ணே, ஒரு சின்னச் சிக்கல். உங்க பணம் ரெண்டு மாசம் ஆகல. அதோட ஜாயின்ட் அக்கவுன்ட்ட ஒத்துக்க மாட்டேங்கிறாங்க." ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. வேறு வழி இருக்கிறது என்றார். அவர்கள் ஆட்களே என் பெயரில் ஒரு கணக்கில் பணம் போட்டுக் காட்டுவார்களாம், வேறு மாகாணத்து முகவரி கொடுத்து அங்கே முத்திரை வாங்கித் தருவார்களாம். அதற்கு மேற்கொண்டு 70,000 பாட்.

அப்போதுதான் புரிந்தது. ஓய்வு அடிப்படைக்குத் திரும்பலாம் என்றால் 8 லட்சம் இல்லை. திருமண அடிப்படைக்குப் போகலாம் என்றால் 4 லட்சம் தவறான கணக்கில், நாள் கணக்கும் போதாமல் கிடக்கிறது. இரண்டு தகுதியும் என்னிடம் இருந்தன. இரண்டையும் என் கையாலேயே கலைக்க வைத்துவிட்டு, இப்போது தன் பணத்தை வாடகைக்கு விடுகிறார். இது அவருக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று நான் நம்பவில்லை. பாஸ்போர்ட்டும் அவரிடம்.

இப்படி வேறு மாகாணத்தில், அடுத்தவர் பணத்தில் முத்திரை வாங்கியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். ஆனால் அந்தப் பொய் முகவரிக்குக் கீழே இருப்பது ஏஜென்ட்டின் கையெழுத்து இல்லை, நம்முடையது. மாட்டினால் நாட்டை விட்டுப் போக வேண்டியது நாம், இங்கே தனியாக நிற்கப் போவது மனைவி. என் மனைவி ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்றார்.

பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க மூன்று நாள் ஆனது. என் போனை அவர் எடுக்கவே இல்லை. கடைசியில் மனைவி தாய்லாந்து மொழியிலேயே செய்தி அனுப்பினார்: மாலை 5 மணிக்குள் பாஸ்போர்ட் வரவில்லை என்றால் நேராகக் காவல் நிலையம். மார்ச் 5 மாலை ஒரு பையன் பைக்கில் வந்து உறையைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் போனான். முன்பணம் திரும்ப வரவில்லை.

மறுநாள் காலை இருவரும் இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் அதிகாரியிடம் மனைவி எதையும் மறைக்காமல் சொன்னார். அவர் என் பாஸ்புக்கை வாங்கி, ஜனவரி 22 வரியில் பேனா முனையை வைத்தார். கூட்டுக் கணக்கின் அட்டையைத் திருப்பி இரண்டு பெயர்களையும் பார்த்தார். பணம் கணவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் இருக்க வேண்டும் என்றார். பிறகு நாள்காட்டியைத் தன் பக்கம் இழுத்து, மார்ச், ஏப்ரல், மே என்று விரலால் எண்ணினார். "60 நாள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் எங்களைக் காப்பாற்றியது. தாய்லாந்துக் குடிமகளை மணந்தவருக்கு, மனைவியோடு தங்குவதற்காக 60 நாள் நீட்டிப்பு கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. இதற்கு வங்கியில் பணம் காட்ட வேண்டியதில்லை. திருமணச் சான்றிதழ், மனைவியின் அடையாள அட்டை, 'தபியன் பான்' என்கிற வீட்டுப் பதிவேடு, மனைவி நேரில் வருவது, 1,900 பாட். இவ்வளவுதான் கேட்டார்கள். அன்றே கிடைத்தது, மே 13 வரை. எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன், இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. ஏஜென்ட்டுக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும்.

அங்கிருந்து நேராக வங்கி. மார்ச் 6 அன்றே 4 லட்சமும் என் தனிக் கணக்குக்குத் திரும்பியது. கணக்கில் வேண்டியதற்கு மேல் சில ஆயிரம் விட்டுவைத்தேன், ஏதாவது கட்டணம் பிடித்து ஒரு பாட் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டுமே என்று. மே 8 அன்று விண்ணப்பித்தோம்.

திருமண அடிப்படையில் விண்ணப்பம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு அனுமதி எடுத்துப் பழகியவர்களுக்கு இது மலைப்பாக இருக்கும். 'கோர் ரோர் 3' என்பது திருமணச் சான்றிதழ், அது வீட்டில் இருக்கும். அது மட்டும் போதாது. 'கோர் ரோர் 2' என்கிற திருமணப் பதிவின் நகலை மாவட்ட அலுவலகத்தில் புதிதாக வாங்க வேண்டும், திருமணம் இன்னும் நீடிக்கிறது என்பதற்கு அது சாட்சி. இந்தியாவில் திருமணம் செய்தவர்கள் அதை இங்கே மாவட்ட அலுவலகத்தில் பதிந்து 'கோர் ரோர் 22' வாங்க வேண்டும். அதற்கு மொழிபெயர்ப்பு, வெளியுறவு அமைச்சக முத்திரை எல்லாம் உண்டு, ஆகவே கடைசி மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். வங்கிக் கடிதம், அன்றைய தேதி வரை அச்சிட்ட பாஸ்புக், வீட்டுக்கு வரும் வழி வரைந்த படம். பிறகு புகைப்படங்கள்: வாசலில் வீட்டு எண் தெரிய இருவரும், கூடத்தில், சமையலறையில், படுக்கையறையில். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுக்க என் மனைவி ரொம்பவே கூச்சப்பட்டார். பக்கத்து வீட்டு அம்மா அடையாள அட்டையோடு சாட்சிக்கு வந்தார்.

அன்றைக்கே ஒரு வருட முத்திரை கிடைக்காது. 'பரிசீலனையில்' என்று ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முத்திரை போடுவார்கள். இதற்கிடையில் அதிகாரிகள் வீட்டுக்கு வரலாம். எங்கள் வீட்டுக்கு ஒரு காலை இருவர் வந்தார்கள். அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்த மாமியார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, நான் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன் என்று அவர்கள் கேட்காமலேயே சொன்னார். ஜூனில் ஒரு வருட முத்திரை கிடைத்தது.

நேர்வழியில் ஆன மொத்தச் செலவு, இரண்டு 1,900 பாட்டும் நகல், கடிதம், புகைப்படம் என்று சில நூறும். ஏஜென்ட் கேட்டது 45,000, பிறகு 70,000.

நல்ல ஏஜென்ட்டே கிடையாது என்று சொல்லவில்லை. படிவம் நிரப்ப, மொழிபெயர்க்க, வரிசையில் கூட நிற்க ஆள் வைப்பதில் தப்பில்லை. ஆனால் பணத்தை இடம் மாற்றச் சொல்பவரை, பாஸ்போர்ட்டை வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளக் கேட்பவரை, கணக்கில் காட்டப் பணம் எங்களிடம் இருக்கிறது என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். புது முத்திரை பாஸ்போர்ட்டில் விழும்வரை பழைய அடிப்படைக்கான பணத்தைக் கலைக்காமல் இருக்க முடிந்தால் அதுவே நல்லது. எனக்கு மருத்துவமனைச் செலவு இருந்தது, அதனால் முடியவில்லை. அப்படிப்பட்டவர்கள் குறைந்தது 4 லட்சத்தையாவது தன் பெயரில் உள்ள அதே கணக்கில் அசையாமல் வையுங்கள்.

8 லட்சம் முடங்கிக் கிடப்பது உங்களுக்குப் பாரமில்லை என்றால், ஓய்வு அடிப்படையிலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து. திருமண அடிப்படை மனைவியோடு கட்டுண்டது. விவாகரத்தோ, மனைவியின் மறைவோ நேர்ந்தால் அந்தக் காரணம் அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, எந்த அடிப்படையில் இருந்தாலும் ஊருக்குப் போகும் முன் மறுநுழைவு அனுமதி எடுங்கள். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. எடுக்காமல் விமானம் ஏறினால் இத்தனை பாடுபட்டு வாங்கிய நீட்டிப்பு அன்றே செத்துப்போகும். கெடு தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000.

போன வாரம் பட்டாயாவில் இருக்கும் ஒரு கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தார். மனைவி தாய்லாந்துக்காரர், இவருடையது ஓய்வு அனுமதி, அடுத்த மாதம் முடிகிறது. மாற்றித் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறாராம். "ஜாயின்ட் அக்கவுன்ட் தொறக்கச் சொன்னாருங்க, நாளைக்குக் காலைல பேங்குக்குப் போறோம்" என்றார். பணம் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். நாளைக்கு வங்கிக்குப் போகாதீர்கள், மனைவியைக் கூட்டிக்கொண்டு நேராக இமிகிரேஷன் கவுன்டருக்குப் போங்கள் என்று சொன்னேன். போனார்கள். பணம் அங்கேயே இருக்கிறது.