மேற்கு மாம்பலம் மாடி வகுப்பு: ‘வந்திருப்பேன்’ வழியாகப் பிரெஞ்சு

பிரெஞ்சு படிக்க ஆரம்பித்து, கோந்திசியொனெல் பஸே (‘வந்திருப்பேன்’ போல, நடக்காமல் போனதைச் சொல்லும் வினைவடிவம்) வந்ததும் திணறி நின்றுவிட்டவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். மேற்கு மாம்பலத்தில், அயோத்தியா மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். விளம்பரம் பிடிக்காதவர் என்பதால் பெயரைப் போடவில்லை. எங்களுக்கு அவர் ‘சார்’, அவ்வளவுதான்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். பெரியமேட்டில் ஒரு தோல் பொருள் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிரான்சில் இருக்கும் சின்னக் கடைக்காரர்கள் சிலர் எங்களிடம் பை, பெல்ட், பர்ஸ் வாங்குகிறார்கள். அவர்கள் மெயில் எழுதுவது பிரெஞ்சில்தான். சரக்கு தாமதமானால் ‘வூஸோரியே த்யு நூ ப்ரேவ்னீர்’ என்று ஒரு வரி வரும். ‘நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்’ என்ற கண்டிப்பு அது. ‘நூஸோரியோன் சுவேத்தே’ என்று தொடங்கினால், ‘நாங்கள் விரும்பியிருப்போம்’ என்று பணிவாக ஒரு குறையைச் சொல்லப் போகிறார்கள். இரண்டும் ஒரே வினைவடிவம். தொனி தெரியாமல் பதில் எழுதினால் அடுத்த ஆர்டர் போய்விடும்.

இதற்கு முன் நான் போன வகுப்பில் எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித்தந்தார்கள். தமிழை ஆங்கிலமாக்கி, அதைப் பிரெஞ்சாக்கி, வாக்கியம் வாயில் வருவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். சார் முதல் நாளே வெள்ளைப் பலகையில் ஒரு தமிழ் வாக்கியம் எழுதினார்: ‘தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.’ அதன் கீழே பிரெஞ்சு: ‘சி ழாவே சு, ழெ நெ ஸெரே பா வெனு.’ பிறகு மாட்டேன் வேண்டாம், ‘வந்திருப்பேன்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றி எழுதி, இரண்டையும் துண்டுபோட்டார்.

அந்தத் துண்டுபோடுதல்தான் இந்த வகுப்பின் உயிர். ‘வந்திருப்பேன்’ என்பதில் ‘வந்து’ முடிந்துபோன வினை. ‘இரு’ துணைவினை. ‘ப்ப்’ எதிர்காலம் காட்டுவது. ‘ஏன்’ யார் என்று சொல்வது. பிரெஞ்சிலும் முடிந்துபோன வினை ஒன்று உண்டு, அதற்குப் பார்த்திசிப் பஸே என்று பெயர். துணைவினையாக அவ்வார் (உடைமையைச் சொல்லும் வினை) அல்லது ஏத்ர் (‘இரு’ என்ற வினை) வரும். அந்தத் துணைவினை எதிர்கால அடியில்தான் நிற்கும்: அவ்வாருக்கு ‘ஓர்’, ஏத்ருக்கு ‘ஸெர்’. அதன் வாலில் அம்பர்ஃபே என்ற இறந்தகால வடிவத்தின் விகுதிகள் ஒட்டிக்கொள்ளும். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் அவ்வாருக்கு ழோரே, த்யு ஓரே, இல் ஓரே, நூஸோரியோன், வூஸோரியே, இல்ஸோரே. ஏத்ர் என்றால் ழெ ஸெரே, த்யு ஸெரே, இல் ஸெரே, நூ ஸெரியோன், வூ ஸெரியே, இல் ஸெரே. நடக்காமல் போன ஒன்றைச் சொல்ல எதிர்காலத்தின் அடி எதற்கு என்று எனக்கு நெடுநாள் குழப்பம். தமிழில் நாமும் அதைத்தானே செய்கிறோம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

‘ஆல்’ பக்கமும் அப்படியே பொருந்துகிறது. ‘தெரிந்திருந்தால்’ என்பதில் துணைவினை இறந்தகால அடியில் ‘இருந்த்’ என்று நிற்கிறது. பிரெஞ்சில் ‘ஆல்’ வேலையைச் செய்யும் ‘சி’ என்ற சொல்லுக்குப் பிறகு ப்ளுஸ் கெ பர்ஃபே வரும், அதாவது துணைவினை அம்பர்ஃபேயில், கூடவே பார்த்திசிப் பஸே. ‘சி’க்குப் பின்னால் கோந்திசியொனெல் வரவே கூடாது என்பதைப் பிரெஞ்சுக் குழந்தைகள் ‘லே சி நேம் பா லே ரே’ என்று சொல்லி மனப்பாடம் செய்வார்களாம். ‘சி’க்கு ‘ரே’யைப் பிடிக்காது, அதாவது ‘ரே’ என்று முடியும் கோந்திசியொனெல் வடிவங்களைப் பிடிக்காது என்று அர்த்தம். நமக்கு அந்த மனப்பாடம் தேவையில்லை என்றார் சார். ‘தெரிந்திருப்பால்’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை.

தமிழ் வழி எங்கே கைவிடும் என்பதையும் அவரே சொல்லித்தருகிறார். அதனால்தான் அவரை நம்புகிறேன். தமிழில் எல்லா வினைக்கும் ‘இரு’ ஒன்றே போதும். அதே பழக்கத்தில் பிரெஞ்சுக்குப் போனால் எங்கும் ஏத்ர் போடத் தோன்றும். ஆனால் பெரும்பாலான வினைகள் அவ்வாரோடுதான் போகும். போவது, வருவது, ஏறுவது, இறங்குவது, பிறப்பது, இறப்பது, விழுவது, தங்குவது போன்ற ஒரு சிறு கூட்டமும், தன்னைத்தானே செய்துகொள்ளும் வினைகளும்தான் ஏத்ரோடு போகும். இதற்கு அவர் பலகையில் ஒரு வீடு வரைவார். வாசல், மாடிப்படி, ஜன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு வினை. பிரெஞ்சு வகுப்புகளில் பலரும் வரைகிற வீடுதான். ஆனால் இவர் வரைவது மேற்கு மாம்பலத்து வீடு, வாசலில் கோலமும் பக்கத்தில் மோட்டார் ரூமும் இருக்கும்.

அதோடு விடுவதில்லை. இறங்குவது என்ற வினைக்குச் செயப்படுபொருள் வந்தால் துணைவினை மாறிவிடும். ‘ழெ ஸெரே தேசாந்து’ என்றால் நான் இறங்கியிருப்பேன். ‘ழோரே தேசாந்து லா வலீஸ்’ என்றால் பெட்டியை இறக்கியிருப்பேன். இறங்கு, இறக்கு என்று நாம் வினையையே மாற்றுகிறோம், அவர்கள் துணைவினையை மாற்றுகிறார்கள். ஏற்றுமதி மெயில்களில் பெட்டி இறக்காத நாள் உண்டா? மறுநாளே எனக்குப் பயன்பட்டது.

‘சொல்லியிருக்க வேண்டும்’ வகை வாக்கியங்களுக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்கினார். தமிழில் ‘சொல்லி’யும் ‘இருக்க’வும்தான் பழசாகின்றன, ‘வேண்டும்’ அப்படியே நிற்கிறது. பிரெஞ்சில் தலைகீழ். ‘வேண்டும்’ பழசாகி ‘ஓரே த்யு’ என்று ஆகும், சொல்வது என்ற வினை எந்த மாற்றமும் இல்லாமல் பின்னால் வரும். ‘சொல்லியிருக்கலாம்’ என்பதும் அப்படித்தான், அங்கே ‘ஓரே பு’. இதைத் தனியாக எடுத்துப் பயிற்சி கொடுக்கிற வேறு ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

செய்திகளில் வரும் பயன்பாட்டையும் நன்றாக நடத்துகிறார். ‘லெ மினீஸ்த்ர் ஓரே தேமிசியொனே’ என்று ஒரு பிரெஞ்சு நாளிதழில் பார்த்தால், அங்கே ‘இருந்தால்’ கதையே இல்லை. அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டாராம், இன்னும் உறுதியாகவில்லை என்பதுதான் பொருள். நம் பத்திரிகைகள் ‘கூறப்படுகிறது’ போட்டு முடிப்பதை அவர்கள் வினைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். என் வேலையில் இதன் அருமை தெரியும். ‘லெ கோலி ஓரே ஏத்தே லிவ்ரே’ என்று ஒரு கடைக்காரர் எழுதினால், பார்சல் வந்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கூரியர்காரர் அப்படிச் சொல்கிறார், எனக்கு உறுதியில்லை என்கிறார் கடைக்காரர். அதைப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டு ‘நன்றி’ என்று பதில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி குறைகள். தமிழில் ‘இந்நேரம் வந்திருப்பான்’ என்று ஊகமாகவும் சொல்கிறோம். வடிவம் அதே ‘வந்திருப்பான்’. பிரெஞ்சில் இதற்குக் கோந்திசியொனெல் பஸே ஒத்துவராது, ஃபுத்யூர் ஆந்தேரியர் (துணைவினை எதிர்காலத்தில் நிற்கும் வடிவம்) போட்டு ‘இல் ஸெரா அரிவே’ என்பார்கள். தமிழ் வழியாகப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் வழுக்கி விழக்கூடிய இடம் இதுதான். சார் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ஒரு முழு வகுப்பு வேண்டும் இதற்கு. அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய குறை, காதுக்குப் பயிற்சி இல்லாதது. ஒருமை வடிவங்களில் ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் எழுத்தும் ஒன்றே, ‘அவன்’ மட்டும் எழுத்தில் வேறு, ஒலியில் மூன்றும் ஒன்று. ‘நான்’ வடிவத்தில் அவ்வாரின் எதிர்காலத்துக்கும் ‘ழோரே’ என்ற கோந்திசியொனெல் வடிவத்துக்கும் எழுத்தில் கடைசி ஒரு எஸ்தான் வித்தியாசம், பேச்சில் பலர் அதைப் பிரித்துக் காட்டுவதே இல்லை. சுற்றியிருக்கும் சொற்களைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான்கு பகுதிகளுக்கும் தலா 25 மதிப்பெண், மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. கேட்டல் அதில் ஒரு முழுப் பகுதி. இங்கே ஸ்பீக்கரும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. வீட்டில் பிரெஞ்சு வானொலி கேட்டு அந்தப் பள்ளத்தை நீங்களே நிரப்ப வேண்டியதுதான்.

கையெழுத்துக் குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறார். உச்சரிப்புக் குறிகள் சில பிரதிகளில் மங்கியிருக்கும், பேனாவால் போட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பில் ப்ளஸ் டூ பிள்ளைகளும் என்னைப் போல வேலைக்குப் போகிறவர்களும் கலந்து இருப்போம். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் பாடம் பிள்ளைகள் பக்கம் சாய்ந்துவிடும், அப்போது சேர வேண்டாம். பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி நடந்துவிடுவது நல்லது, தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. மாதக் கட்டணம் 2,500 ரூபாய். சேர்வதற்கு முன் ஒரு மாலை சும்மா வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்வார், அன்றைக்குப் பணம் வாங்குவதில்லை.